மெக்ரிட்சியா, பியர்ஸா, சிலேத்தாரா? சிங்கப்பூரின் நான்கு காட்டு நீர்த்தேக்கங்களில் உங்களுக்கு எது

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். "அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். கரையோரப் பூந்தோட்டங்கள், செந்தோசா எல்லாம் காட்டியாயிற்று. கூட்டமில்லாமல், மரமும் தண்ணீருமாக ஒரு இடம் சொல்லுங்களேன்." கேட்பவர்களில் பாதிப் பேர் மனத்துக்குள் மெக்ரிட்சி என்று ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். பெயர் பெற்ற இடம், தொங்குபாலம் இருக்கிறது, படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம். மறுக்க முடியாத காரணங்கள்தான்.

நானும் அப்படித்தான் என் அம்மாவை முதலில் மெக்ரிட்சிக்கு அழைத்துப் போனேன். பாலம் வரை நன்றாகவே நடந்தார். பாலத்தைத் தாண்டியதும் மரப்படிகள் வரும். பாலம் ஒருவழி என்பதால் வந்த பக்கமே திரும்ப முடியாது. பத்துப் படிக்கு ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று இறங்கினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரவு தைலம் தேய்த்துவிடும்போதுதான் முழங்கால் வீங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. மெக்ரிட்சியில் ஒரு தவறும் இல்லை. யாரோடு போகிறோம் என்று யோசிக்காமல் இடத்தை முதலில் முடிவு செய்ததுதான் தவறு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் படிகள்தான் காரணம்.

சிங்கப்பூர் வரைபடத்தின் நடுவில் ஒரு பெரிய பச்சைத் திட்டு தெரியும். அது மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி, இந்தத் தீவின் ஆகப் பெரிய வனப்பகுதி. மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், அப்பர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. சுற்றிலும் அரசு கட்டிய வீவக அடுக்குமாடிகளும் விரைவுச்சாலைகளும் நெருக்கிக்கொண்டு வந்தபோதும் இந்தக் காடு தப்பியதற்குக் காரணமே இந்தத் தண்ணீர்தான். காட்டை அழித்தால் குடிநீர் கெடும் என்பதற்காகக் காட்டை விட்டுவைத்தார்கள். நான்கிலும் நுழைவு இலவசம். அதனால் பணத்தை வைத்து இவற்றை ஒப்பிட முடியாது. வேறு அளவுகோல் வேண்டும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி: உங்களோடு வருபவர்களில் யாருடைய கால் ஆகப் பலவீனம்? ஐந்து பேர் போனால் அந்த ஐந்தாவது ஆளின் கால்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். தள்ளுவண்டியில் வரும் குழந்தைக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது: நடக்கப் போகிறீர்களா, உட்காரப் போகிறீர்களா? "அமைதியான இடம்" என்று கேட்பவர்களுக்குள் இரண்டு வகையினர் உண்டு. மூன்று மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்தால்தான் சிலருக்கு மனம் அடங்கும். வேறு சிலருக்கு ஒரு பெஞ்சும் முன்னால் தண்ணீரும் போதும். எந்த வகை என்று தெரியாமல் கிளம்பினால் இரு தரப்புக்கும் ஏமாற்றம்.

மூன்றாவது: எப்படித் திரும்பி வருவீர்கள்? போகும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். கால் வலியும் தாகமும் மழை மேகமும் சேர்ந்துகொள்ளும் நேரத்தில் பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம்.

கடைசியாக, எந்த நாள், எந்த நேரம். ஞாயிறு காலை 8 மணிக்கு ஒரு மாதிரி இருக்கும் இடம் செவ்வாய்க்கிழமை காலை முற்றிலும் வேறு மாதிரி இருக்கும்.

| | மெக்ரிட்சி | லோவர் பியர்ஸ் | அப்பர் பியர்ஸ் | அப்பர் சிலேத்தார் |
|---|---|---|---|---|
| போவது | கால்டிகாட் அல்லது மேரிமவுண்ட் எம்ஆர்டி ரயில் நிலையம், பிறகு நடை | அப்பர் தாம்சன் சாலைப் பேருந்து, பிறகு சிறு நடை | பேருந்து உள்ளே போகாது. கார், வாடகைக் கார், அல்லது நீண்ட நடை | மண்டாய் சாலைப் பேருந்து, பிறகு நடை |
| காலுக்கு வேலை | கரையோரம் மட்டும் என்றால் குறைவு. பாலம் என்றால் மிக அதிகம் | குறைவு | உள்ளே போனபின் குறைவு | குறைவு. கோபுரம் ஏறினால் படிகள் |
| சாப்பாடு | பூங்காவில் உண்டு, காட்டுக்குள் இல்லை | பக்கத்துச் சாலையில் நிறைய | கையில் கொண்டுபோவதுதான் | கையில் கொண்டுபோவதுதான் |
| வார இறுதிக் கூட்டம் | அதிகம் | மிதம் | குறைவு | குறைவு |
| அதற்கே உரியது | தொங்குபாலம் | தண்ணீரை ஒட்டிய பலகைப்பாதை | அணைக்கட்டு, மாலைச் சூரியன் | ராக்கெட் வடிவக் கோபுரம் |

மெக்ரிட்சி: நடப்பவர்களின் இடம்

சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் இது. ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று 1857இல் வணிகர் டான் கிம் செங் 13,000 வெள்ளி (டாலர்) நன்கொடை கொடுத்ததிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. எஸ்பிளனேட் பூங்காவில் இன்றும் நிற்கும் பழைய நீரூற்று அவர் நினைவாக வைத்ததுதான். அணை 1868இல் முடிந்தது. நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922இல்தான் சூட்டினார்கள்.

மெக்ரிட்சி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று, வாசலிலேயே இருக்கும் பூங்கா. புல்வெளி, வளைந்து நெளிந்து தண்ணீருக்கு மேல் போகும் பாலம், கழிப்பறை, சாப்பிட ஓர் இடம், படகுத் துறை எல்லாம் அங்கே உண்டு. கயாக் வாடகைக்கு எடுக்கலாம். நீந்தத்தான் அனுமதி இல்லை, நான்கு இடங்களிலுமே. பூங்காவிலிருந்து கரையை ஒட்டியே மரப்பலகைப் பாதைகள் கிளம்புகின்றன. மேடு பள்ளம் அதிகம் இல்லை. வேண்டிய தூரம் போய், களைத்ததும் அப்படியே திரும்பி வந்துவிடலாம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட லிம் போ செங்கின் கல்லறையும் நீர்த்தேக்கத்தின் கரையில்தான் இருக்கிறது. அங்கே எப்போது போனாலும் இரண்டு நிமிடம் நிற்காமல் நான் கடந்ததில்லை.

இன்னொன்று, உள்ளே இருக்கும் காடும் ட்ரீடாப் வாக் தொங்குபாலமும். 2004இல் திறந்த பாலம். நீளம் 250 மீட்டர். ஆக உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் மேலே நடப்பீர்கள். இரண்டு குன்றுகளை இணைக்கும் இந்தப் பாலத்தின் அகலம் ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அளவுதான். பூங்கா வாசலில் தொடங்கிப் பாலத்தைக் கடந்து மறுபடி வாசலுக்கு வர 10 கிலோமீட்டருக்குக் குறையாது. நடையில் பழக்கம் உள்ளவர்களுக்கே மூன்று மணி நேரம், நின்று பார்த்துக்கொண்டு போனால் ஐந்து மணி நேரம். வழியில் வனக்காவலர் நிலையத்தில் கழிப்பறையும் குடிநீரும் உண்டு. அதை விட்டால் காட்டுக்குள் வேறு எதுவும் கிடையாது.

பாலத்தின் நடுவில் நின்றால் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: மரங்களின் தலை தெரியும். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தே பழகிய மரங்களை முதல் தடவையாக மேலிருந்து பார்க்கிறோம். ஒரு முறை துடுப்புவால் கரிச்சான் ஒன்று என் கண்மட்டத்துக்குக் கீழே பறந்து போனது. வாலின் இரண்டு நீண்ட இழைகளும், நுனியில் இருக்கும் கருந்துடுப்புகளும் தனியாகப் பின்னால் வருவது போல இருந்தன. முன்னால் போனவர் அடி வைக்க, காலுக்குக் கீழே பாலம் மெல்ல ஆடியது. பத்துக் கிலோமீட்டர் நடந்ததற்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

இனி, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை. பாலம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், பொது விடுமுறை என்றால் மட்டும் திறப்பார்கள். மற்ற நாட்களில் மாலை 5 மணியோடு முடிந்துவிடும். மழை, இடி என்றாலும் மூடிவிடுவார்கள். பராமரிப்புக்காக நீண்ட நாள் மூடியிருந்த காலமும் உண்டு. அதனால் கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வார இறுதியில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். வருபவர்களில் பலர் ஓட்டப் பயிற்சிக்காரர்கள், நடைக்குழுக்கள். காட்டுப் பாதையில் பின்னாலிருந்து "எக்ஸ்கியூஸ் மீ" கேட்டுக்கொண்டே இருக்கும். அமைதி தேடிப் போனவருக்கு ஞாயிற்றுக்கிழமை மெக்ரிட்சி பொருந்தாது.

பாலம் மட்டும் போதும், பத்துக் கிலோமீட்டர் வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. வீனஸ் டிரைவ் பக்கம், 2017இல் திறந்த வின்சர் இயற்கைப் பூங்கா வழியாக நுழையுங்கள். தூரம் நன்றாகவே குறையும். ஆனால் பாலத்துக்குப் பிறகு வரும் படிகள் அப்படியேதான் இருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்தக் குறுக்குவழியும் உதவாது.

நண்பர்கள் கூட்டம், பதின்ம வயதுப் பிள்ளைகள், வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து உடம்பு இறுகிப்போனவர்கள், இவர்களுக்கு நான்கில் மெக்ரிட்சிதான் சரி. அதிலும் வாரநாளில் ஒரு நாள் விடுப்புப் போட்டுப் போக முடிந்தால் அதற்கு ஈடு கிடையாது.

லோவர் பியர்ஸ்: உட்காருபவர்களின் இடம்

நான்கில் எனக்கு ஆகப் பிடித்தது இது. அதனால் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

காலாங் ஆற்றின் மேல்பகுதியில் 1910இல் அணை கட்டி உருவாக்கியது. 1922இல் இன்னொரு நகராட்சிப் பொறியாளரான ராபர்ட் பியர்ஸின் பெயரை வைத்தார்கள். சிங்கப்பூரின் ஆக நீளமான ஆறு காலாங். அது இங்கிருந்து கிளம்பி, பீஷான் - அங் மோ கியோ பூங்காவைத் தொட்டு, கடைசியில் காலாங் படுகைக்குப் போகிறது. அந்தப் பூங்காவில் பிள்ளைகள் கால் நனைக்கும் ஓடையைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலைமாடு இங்கேதான்.

அப்பர் தாம்சன் சாலையில் கேஷுவரினா சாலைக்குப் பக்கம் பேருந்தை விட்டு இறங்கினால் சிறிது தூரம்தான் நடை. அங் மோ கியோ பக்கமிருந்து வருபவர்கள் மேஃபிளவர் எம்ஆர்டி நிலையத்திலிருந்தும் நடந்து வரலாம். படிகளில் ஏறி அணையின் மேல் நின்றதும் சாலைச் சத்தம் பின்னால் தங்கிவிடும். இவ்வளவு சீக்கிரம் நகரம் காணாமல் போகும் இடம் சிங்கப்பூரில் வேறு எனக்குத் தெரியாது.

பலகைப்பாதையின் நீளம் சுமார் 900 மீட்டர். அதிலும் பெரும்பகுதி தண்ணீரை ஒட்டியே போகும். மரங்கள் மேலே கூரை போட்டிருப்பதால் 10 மணிக்கும் வெயில் சுடாது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்து பிறகு காடாக வளர்ந்த நிலம் இது. அதனால் ரப்பர் மரங்கள் நிறைய. வெயில் காயும் நாட்களில் அவற்றின் காய்கள் 'படக்'கென்று வெடித்து விதைகள் பலகையில் வந்து விழும். அம்மாவை அடுத்த முறை இங்கேதான் அழைத்து வந்தேன். அந்தச் சத்தத்துக்கு முதலில் திடுக்கிட்டார். பிறகு ஒரு விதையைக் குனிந்து எடுத்து, அதன் பழுப்பு வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய தாய்மாமா ஒருவர் மலாயாவில் பால்மரம் வெட்டியவர். "மாமா இந்தக் கொட்டையைத்தான் ஊருக்குக் கொண்டுவந்து கொடுப்பாராம். கல்லில் தேய்த்தால் சுடும்" என்றார். வனப்பகுதியிலிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது என்று சொன்னேன். விதையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் நாங்கள் எழுந்திருக்கவே இல்லை. எதிர்க்கரையில் நீர் உடும்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் அசையவில்லை.

குறைகள்? நடக்க வேண்டும் என்று வந்தவருக்கு இங்கே அரை மணி நேரத்தில் பாதை தீர்ந்துவிடும். பலகைப்பாதையில் படிகளும் மேடும் ஆங்காங்கே உண்டு, சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ முழுவதும் போகாது. மழை பெய்த மறுநாள் பலகை வழுக்கும். குரங்குகள் உண்டு. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

நடை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்கள் பழைய அப்பர் தாம்சன் சாலை வழியாகத் தாம்சன் இயற்கைப் பூங்காவைச் சேர்த்துக்கொள்ளலாம். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்த சாலை அது. பூங்கா 2019இல் திறந்தது. அதற்கு முன் ஹைனானியர் கிராமம் இருந்த இடம், பழைய வீடுகளின் அடித்தளங்களும் படிகளும் வேர்களுக்கு நடுவே இன்னும் தெரியும். உலகில் மிக அரிதாகிவிட்ட ராஃபிள்ஸ் லங்கூர் என்ற கருங்குரங்கு நடமாடும் பகுதி. சிங்கப்பூரில் அவை நூறுகூட இல்லை. சாலையைக் கடக்க அவற்றுக்கென்று மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்டது போல.

வயதான பெற்றோர், நாலைந்து வயதுப் பிள்ளைகள், காலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைப்பவர்கள், இவர்களுக்கு லோவர் பியர்ஸ். நடந்து முடித்ததும் அப்பர் தாம்சன் சாலையில் சுடச்சுட புரோட்டாவும் தேத்தண்ணியும் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று இடங்களிலும் இந்த வசதி இவ்வளவு பக்கத்தில் இல்லை.

அப்பர் பியர்ஸ்: கார் இருந்தால்

பெயர் ஒன்றுபோல இருப்பதால் லோவர் பியர்ஸிலிருந்து அப்படியே நடந்து போய்விடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய அப்பர் தாம்சன் சாலையில் கொஞ்சம் போய், அங்கிருந்து பிரியும் தனிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போக வேண்டும். பேருந்து கிடையாது. இரண்டு பக்கமும் காடு.

போய்ச் சேர்ந்தால் காட்சி விரிந்துவிடும். லோவர் பியர்ஸில் மரங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்க்கிறோம். இங்கே அகன்ற புல்வெளி, நீண்ட அணை, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரும் காடும், கட்டடம் ஒன்றுகூடக் குறுக்கே வராது. அணையின் ஒரு பக்கம் தண்ணீர் காலடிக்கு அருகில் இருக்கும், மறு பக்கம் லோவர் பியர்ஸ் மிகக் கீழே இருக்கும். தண்ணீர் மேற்குப் பக்கமாக விரிந்திருப்பதால் மாலையில் சூரியன் நேராக நீருக்கு மேல் இறங்கும்.

இந்த இடத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. 1977 பிப்ரவரி 27இல் இந்த நீர்த்தேக்கத்தைத் திறந்து வைத்த மேடையில்தான் பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும்படி ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தார். சாக்கடையாக நாறிக்கொண்டிருந்த ஆறுகள் அவை. 1987இல் துப்புரவுப் பணி முடிந்தது. இன்று சிங்கப்பூர் ஆற்றங்கரையில், கிளார்க் கீயில் மாலை நடை போகிறவர்கள் ஒரு முறையாவது இந்த அணையில் வந்து நிற்கலாம்.

மறைந்திருக்கும் செலவு திரும்பி வருவதில்தான். போகும்போது வாடகைக் கார் வாசல் வரை விடும். திரும்பும்போது அந்த ஆளரவமற்ற சாலைக்குள் வர ஓட்டுநர் கிடைப்பதற்குக் காத்திருக்க வேண்டும், மழை பிடித்துவிட்டால் கட்டணமும் ஏறும். ஒரு முறை அப்படிக் காத்துக் காத்து, கடைசியில் இருட்டும் நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பிரதான சாலை வரை நடந்தோம். அன்றிலிருந்து சொந்தக் காரோ நண்பரின் காரோ இல்லாமல் நான் யாருக்கும் அப்பர் பியர்ஸைச் சொல்வதில்லை. கார் இருந்தால் நிலைமை தலைகீழ். தள்ளுவண்டிக் குழந்தை, சற்றுத் தூரமே நடக்கக்கூடிய தாத்தா பாட்டி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு, மாலை 5 மணி என்று வைத்துக்கொண்டால் நான்கில் இதற்கு நிகர் இல்லை.

அப்பர் சிலேத்தார்: வேறு வேலையோடு சேர்த்து

இதற்கென்றே கிளம்பிப் போகச் சொல்லமாட்டேன். மண்டாய் விலங்குத் தோட்டத்துக்கோ பறவைப் பூங்காவுக்கோ போகும் நாளில் முன்னாலோ பின்னாலோ ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி பக்கமிருந்து மண்டாய் போகும் 138ஆம் எண் பேருந்து இந்த வழியாகத்தான் போகிறது. நிறுத்தத்திலிருந்து உள்ளே நடக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது அந்தக் கோபுரம். விரிவாக்கிய நீர்த்தேக்கத்தை 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் இளவரசி அலெக்ஸாண்ட்ரா திறந்து வைத்தார். மனிதன் நிலவில் கால் வைத்து ஒரு மாதம்கூட முடியாத நேரம். கோபுரமும் ஏவத் தயாராக நிற்கும் ராக்கெட் போலவே இருக்கிறது. சுழல் படிகளில் மேலே போனால் தண்ணீரும் காடும் வட்டமாகச் சுற்றி வரும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நிழல் குறைவு என்பதால் நண்பகலில் வேண்டாம்.

தனியாக, ஒரு குடுவையில் காப்பியோடு, யாரும் பேசாத ஒரு காலை வேண்டும் என்பவருக்கும் இதைச் சொல்வேன். வாரநாளில் கோபுரத்தின் மேல் அரை மணி நேரம் தனியாகவே நின்றிருக்கிறேன்.

நான்குக்கும் பொதுவாக, கணக்கில் வராத செலவுகள்

முதலில் குரங்குகள். நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று நன்றாகத் தெரியும், பைக்குள் தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தாலும் விடாது. சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். பக்கத்தில் வந்தால் கண்ணுக்குக் கண் முறைக்காமல், பல் தெரியச் சிரிக்காமல், அமைதியாக விலகிப் போங்கள். ஓட வேண்டாம். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போவது நல்லது. ஊரில் கோவில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய பெரியவர்களிடம் கொஞ்சம் மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தை விடுங்கள். மனிதர் கையில் சாப்பிட்டுப் பழகிய குரங்குதான் அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்குகிறது. அதன் பிறகு அந்தக் குரங்குக்கும் நல்ல கதி கிடைப்பதில்லை.

அடுத்தது மழை. இங்கே காலை பளிச்சென்று இருந்துவிட்டு மதியம் 2 மணிக்கு வானம் இருண்டு இடியோடு கொட்டும். காட்டுக்குள் ஒதுங்க இடம் மிகக் குறைவு, மின்னல் நேரத்தில் மரத்தடியும் தண்ணீர்க்கரையும் ஆபத்து. அதனால் என் வழக்கம் எளிது: 7 மணிக்கு விடிந்ததும் உள்ளே, 11 மணிக்குள் வெளியே. வனப்பகுதிப் பாதைகளுக்கு அனுமதியே காலை 7 முதல் மாலை 7 வரைதான். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் மெக்ரிட்சியின் உள்பாதைகளில் மண் குழைந்து, பாலம்வரை போவதற்குள் காலணி இரண்டு மடங்கு கனமாகிவிடும். அந்த மாதங்களில் உறவினர் வந்தால் லோவர் பியர்ஸோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செருப்பு பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் செருப்போடுதான் கிளம்புவார்கள். லோவர் பியர்ஸிலும் அணைக்கட்டுகளிலும் பின்வார் உள்ள செருப்பு பரவாயில்லை. தொங்குபாலம் என்றால் பிடிப்புள்ள காலணி கட்டாயம். கொசு மருந்தும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் எல்லா இடத்துக்கும் வேண்டும்.

கலவையான கூட்டம் வந்தால்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். பாட்டிக்கு முழங்கால் வலி, பேரனுக்குத் தொங்குபாலம் பார்க்க வேண்டும். இருவரையும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போய் இருவருக்கும் பாதி பாதி கொடுப்பதை விட, பிரிந்து போவது மேல். வின்சர் பூங்காவும் லோவர் பியர்ஸும் ஒரே அப்பர் தாம்சன் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன, பேருந்தில் சில நிறுத்தங்கள்தான் இடைவெளி.

சனி அல்லது ஞாயிறு காலை, இளையவர்கள் வீனஸ் டிரைவில் இறங்கிப் பாலத்துக்குப் போகட்டும். வார இறுதியில் பாலம் 8.30க்குத் திறக்கும், அந்த நேரத்துக்கு அங்கே இருந்தால் கூட்டத்துக்கு முன் கடந்துவிடலாம். பெரியவர்களோடு ஒருவர் லோவர் பியர்ஸ் போய்ப் பலகைப்பாதையில் மெதுவாக நடந்து, பெஞ்சில் உட்காரட்டும். 11 மணிக்கு அப்பர் தாம்சன் சாலையில் ஒரு புரோட்டாக் கடையில் எல்லோரும் சந்திப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் போனவர்கள் அநேகமாகக் கால் மணி நேரம் தாமதமாகத்தான் வருவார்கள், அதனால் பெரியவர்களுக்கு முதலில் தேத்தண்ணி சொல்லிவிடுங்கள்.

என் மகன் போன முறை அப்படித்தான் வேர்த்து ஒழுக வந்து உட்கார்ந்தான். அம்மா தன் தட்டிலிருந்த புரோட்டாவைப் பிய்த்து அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார்: "பாலம் இன்னும் ஆடுதா?"